மதகுப் பலகையில் இருந்த சண்டைக்காரி

எங்கள் லேபில் அந்த பாக்டீரியாவுக்கு முறையான எண் ஒன்று உண்டு. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. சண்டைக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெயர் வைத்தது நான். வீட்டில் அது எனக்கு இருந்த பட்டம். கிடைத்ததை நாமே வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதற்குக் கொடுத்துவிட்டேன்.

லேப் சிதம்பரத்தில், வீடு கடலூரில். காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன். சாயங்காலம் எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் தொற்றிக்கொண்டு திரும்புவேன். முனைவர் பட்டத்துக்காக நான் ஆராய்ந்தது இறால் குட்டைகளில் வாழும் பாக்டீரியாக்களை. குறிப்பாக, அவை ஒன்றையொன்று எப்படிக் கொல்கின்றன என்பதை. "அதுங்களுக்குள்ளயும் சண்டையா?" என்று கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது. சண்டை இல்லாத இடம் எது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சண்டைக்காரியின் ஆயுதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தன் உடம்புக்குள்ளேயே புரதத்தால் ஒரு குழலைக் கட்டிக்கொள்ளும். குழலுக்கு வெளியே ஸ்பிரிங் மாதிரி சுருங்கக்கூடிய ஒரு சட்டை. நுனியில் கூரான முனை, முனையில் நஞ்சு. நஞ்சும் புரதம்தான். பக்கத்தில் வேறொரு பாக்டீரியா வந்து உடம்போடு உடம்பாக ஒட்டும்போது ஸ்பிரிங் சட்டென்று சுருங்கும். குழல் பாய்ந்து அடுத்தவளைத் துளைத்து நஞ்சை உள்ளே இறக்கும். அதே நஞ்சுக்கு மாற்று மருந்தைத் தன் வம்சத்துக்குள் எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கும். அதனால் அக்கா தங்கை குத்திக்கொண்டாலும் சாவதில்லை. குத்தி முடித்ததும் ஸ்பிரிங்கைப் பிரித்து அதே சாமானை வைத்து மறுபடி கட்டும். புத்தகத்தில் இதற்கு ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். சுரப்பு என்றால் ஏதோ பால் சுரப்பதுபோல அமைதியாக இருக்கிறது. நடப்பது கத்திக்குத்து.

இதைச் சோதிக்கும் முறை எளிது. இறாலுக்குச் சீக்கு கொண்டுவரும் கிருமி ஒன்று இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் தட்டில் அது பச்சைப் புள்ளிகளாக வளரும். சண்டைக்காரி அதற்குப் பங்காளி வீடுதான், ஆனால் மஞ்சள் புள்ளிகளாக வளரும். இரண்டையும் கலந்து, உப்பு சேர்த்த அகார் என்ற கடற்பாசிக் கூழ் உறைந்த தட்டின் மேல் ஒரு சொட்டு வைத்து, சில மணி நேரம் கழித்து எடுத்துப் பரப்பிப் பார்த்தால் பச்சை அநேகமாகக் காணாமல் போயிருக்கும். அதே கலவையைத் திரவத்தில் போட்டுக் குலுக்கினால் பச்சை அப்படியே இருக்கும். திரவத்தில் யாரும் யார் மேலும் நிலையாக ஒட்டுவதில்லை. தட்டிலேயே நடுவில் மெல்லிய வடிதாளை வைத்துப் பிரித்தாலும் சாவு கிடையாது. தொட்டால்தான் குத்து, எட்ட இருந்தால் இருவரும் பரம சாது.

இதைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் குடியிருந்த வீட்டிலும் வடிதாள் இல்லை. மஞ்சக்குப்பத்தில் மாடியில் ஒரு வீடு. மாமியாரும் மாமனாரும் அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். கடலூர் வீட்டில் நானும் என் கணவரும், அவருடைய அண்ணனும் அண்ணியும். அந்த அண்ணிதான் என் ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு சமையலறை, ஒரு ஃப்ரிட்ஜ், இரண்டு பெண்கள். அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான். பாத்திரம் கவிழ்த்து வைப்பதற்கு ஒரு முறை, துணி காயப்போடுவதற்கு ஒரு முறை, ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் எது என்பதற்கு ஒரு முறை. அந்த முறைகளை மீறுவதற்கென்றே நான் பிறந்து வந்திருப்பதாக அவள் நினைத்தாள். நான் பதில் பேசாமல் போகிறவளும் இல்லை.

அக்காவின் பிறந்த ஊர் கிள்ளை. அவளுடைய அப்பா அங்கே உப்பங்கழி வாய்க்கால் ஓரமாக இறால் வளர்க்கிறார். ஒரு வருஷம் அந்தப் பக்கத்துக் குட்டைகளில் வரிசையாகச் சீக்கு விழுந்து இறால் செத்து மிதந்தபோது, அவருடைய குட்டை மட்டும் தப்பித்தது. அந்தச் சமயத்தில் கிள்ளைக்கு விருந்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு நான் குட்டைக்கரைக்குப் போய்விட்டேன். பையில் எப்போதும் மூடி போட்ட ட்யூப்கள் இருக்கும். குட்டையின் அடி மண்ணில் கொஞ்சம் எடுத்தேன். தண்ணீர் உள்ளே வரும் மதகின் பலகையில் படிந்திருந்த வழவழப்பை, சுரண்டுவதற்கு எதுவும் இல்லாமல், அடுப்படிக்குப் போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்து சுரண்டினேன். அது அக்காவின் அம்மா சாமிக்குப் பாயசம் எடுக்கும் ஸ்பூனாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. லேப் மறுநாள் விடுமுறை. இரண்டு ட்யூப்களையும் எங்கள் ஃப்ரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தேன். மேலே மார்க்கரில் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அக்கா ஃப்ரிட்ஜைத் துடைத்தாள். ட்யூப்களையும் ஈரத் துணியால் பளபளவென்று துடைத்து, எழுத்து போன பிறகு, ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்து, சிங்க்கில் கொட்டிவிட்டாள். அடுத்ததைத் திறப்பதற்குள் நான் வந்துவிட்டேன்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை தெருமுனைப் பால் பூத் வரைக்கும் கேட்டிருக்கும். "சாப்புடுற தயிரு பக்கத்துல சேத்தைக் கொண்டாந்து வெக்கிறியே, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்றாள். "என் வேலையைக் கொட்டறதுக்கு உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?" என்றேன். ஸ்பூன் விஷயமும் வெளியே வந்தது. என்னைச் சண்டைக்காரி என்று முதலில் சொன்னது அப்போதுதான். நானும் வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டு ஆண்களும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள்.

மிஞ்சிய ஒரே ட்யூபிலிருந்துதான் அந்த பாக்டீரியா எனக்குக் கிடைத்தது. கலங்கலாக, அடியில் வண்டல் படிந்து இருந்ததால் அது குட்டை மண் என்றே எடுத்துக்கொண்டேன். குட்டை மண்ணிலிருந்து பிரித்தது என்று எழுதினேன், ஒரு கருத்தரங்கில் போஸ்டரும் போட்டேன். அது பச்சைக் கிருமியைக் குத்திக் கொன்ற முதல் தட்டைப் பார்த்த நாளில், லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அக்காவும் நானும் அப்போது ஜாடையில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நாளில் அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. எங்கள் சண்டையால் அவர்கள் போகவில்லை. ஆனால் அவள் சாமான் கட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள். போகும்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் தயிர் உறை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் தயிர் உறைந்தது அவள் கையில்தான். நேற்றையதில் ஒரு ஸ்பூன் எடுத்து இன்றையதில் விட்டு, வருஷக்கணக்காக ஒரே உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. ஃப்ரிட்ஜில் எதை எங்கே வேண்டுமானாலும் வைத்தேன். கேட்க ஆளில்லை. முதலில் சுகமாக இருந்தது. அப்புறம் சத்தமாகப் பேசுவதற்குக்கூட யாரும் இல்லை என்று தெரிந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆனது.

அந்த மழைக்காலத்தில் ஒரு புயல். கடலூருக்குப் புயல் புதிதில்லை, ஆனால் அந்த முறை மின்சாரம் வர நாளாயிற்று. லேபின் ஆழ்குளிர் ஃப்ரீசர் உருகிவிட்டது. ரயில் ஓட ஆரம்பித்ததும் ஓடினேன். உருகிக் கிடந்த குப்பிகளிலிருந்து சண்டைக்காரியை மட்டும் எப்படியோ திரவ உணவில் வளர்த்து உயிர்ப்பித்தேன். ஃப்ரீசர் சரியாகி வர மாதக்கணக்காயிற்று. அதுவரை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த வழியைச் செய்தேன். பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதிய குடுவையில் விடுவது, அது கலங்கியதும் அதிலிருந்து ஒரு சொட்டு அடுத்ததில். தயிர் இப்படித்தானே பிழைக்கிறது என்று நினைத்தேன். லேபில் இருந்த மற்ற பெண்களும் அதையேதான் செய்தார்கள். உறை ஊற்றிப் பழகிய கைகளுக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. ஃப்ரீசர் வந்ததும் கடைசிக் குடுவையிலிருந்து எடுத்துப் பத்திரமாக உறைய வைத்தோம். அதற்குப் பிறகு மற்ற அத்தியாயங்களில் மூழ்கிவிட்டேன்.

ஆய்வேடு முடியும் தறுவாயில் என் கைடு மேடம் கூப்பிட்டார். குத்துச் சோதனையை மூன்று முறை புதிதாகச் செய்து, நல்ல படங்களோடு வைக்கச் சொன்னார். "இந்த செமஸ்டரோட உங்க நீட்டிப்பு முடியுது. இதுக்கு மேல நான் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. இந்த அத்தியாயம்தான் உங்க தீசிஸே. மத்ததெல்லாம் ஒப்புக்கு." மேடம் அதிகம் பேச மாட்டார். பேசினால் அவ்வளவுதான்.

செய்தேன். மறுநாள் தட்டைத் திறந்தால் மஞ்சளும் பச்சையும் சமமாக நிறைந்திருந்தன. யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கலக்கும்போது தவறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். உப்பை மாற்றினேன், வெப்பத்தை மாற்றினேன், வேறு குப்பியை எடுத்தேன். ஃப்ரீசரில் இருந்த எல்லாக் குப்பிகளும் அப்படித்தான். வேறு பாக்டீரியா கலந்துவிட்டதோ என்று மரபணுவைப் பார்த்தோம். அதே சண்டைக்காரிதான். ஆனால் ஸ்பிரிங்கைக் கட்டும் மரபணுவில் ஓர் இடம் அறுந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேஜைப் பெண் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

நடந்தது என்னவென்று யோசித்தால் கஷ்டமே இல்லை. ஆயுதம் கட்டுவது செலவான வேலை. புரதம் வேண்டும், சக்தி வேண்டும். நான் அதைப் போட்டு வைத்த குடுவையில் எதிரி கிடையாது, ஒட்டி நிற்க இடமும் கிடையாது. சாப்பாடு மட்டும் தாராளம். ஏதோ ஒரு பாக்டீரியாவுக்குத் தற்செயலாக ஆயுதம் பழுதாகியிருக்கிறது. அந்தச் செலவு மிச்சமானதால் அது மற்றவற்றைவிட வேகமாகப் பெருகியிருக்கிறது. நான் ஒவ்வொரு முறை ஒரு சொட்டு எடுத்தபோதும் அதன் பிள்ளைகளே அதிகமாக வந்திருக்கின்றன. கடைசியில் குடுவை முழுவதும் அவைதான். தயிர் உறையில் நாம் கேட்பது புளிப்பு மட்டும். பாலில் வளர வளர அது அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதில் நான் கேட்டது சண்டை. சண்டைக்கு வேண்டிய ஆளை நான் கூட வைக்கவே இல்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எங்க எடுத்தீங்களோ அங்கயே போயி மறுபடியும் எடுங்க" என்றார். கிள்ளைக்கா என்று கேட்டேன். "கிள்ளைதானே? அமெரிக்கா இல்லையே" என்றார். கிள்ளை பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் அது அக்காவின் அப்பா வீடு. அவளிடம் கேட்காமல் போக முடியாது. சிதம்பரத்தில் அவள் குடியிருந்த தெரு என் லேபிலிருந்து நடந்து போகிற தூரம். அத்தனை நாளில் ஒருமுறைகூட நான் அந்தப் பக்கம் போனதில்லை.

மதியம் லேபிலிருந்து நேராகப் போனேன். அவள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபி போட்டாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். பாத்திரங்கள் எல்லாம் அவள் முறைப்படி கவிழ்ந்திருந்தன. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசர், குடுவை, அறுந்த மரபணு, செமஸ்டர்.

அவள் டம்ளரை நீட்டினாள். "ஆக, சேத்துக்காவ வந்திருக்க. என்னைப் பாக்க வரல."

"ரெண்டுக்கும்தான்க்கா."

"பொய் சொல்லாத. உனக்குப் பொய் வராது, மூக்கு செவந்துடும்." தன் காபியை ஆற்றினாள். "அது குத்துறத நிறுத்திடுச்சுன்னா உனக்குப் பட்டம் கெடையாதா?"

"கெடையாது."

"என்னா படிப்பு இது" என்றாள். "ஞாயித்துக்கெழமை வா. நானும் வரேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிள்ளை பஸ்ஸில் போனோம். இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் குட்டைக்கரை ஏறியதும் எனக்கு உயிரே போய்விட்டது. குட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன் மேல் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அறுவடை முடிந்து, அடுத்த குஞ்சு விடுவதற்கு முன்னால் இப்படிக் காயவைப்பார்கள். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். அக்காவின் அப்பா கொஞ்சம் கூடுதலாகவே சுத்தம் பார்க்கிறவர். மகள் எங்கே போய் அதைக் கற்றுக்கொண்டாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"வாம்மா" என்றார் அவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். கரையில் துண்டை விரித்து உட்காரச் சொன்னார். "நல்லா காயப் போட்டு, சுண்ணாம்பு அடிச்சு, பிளீச்சிங்கும் போட்டாச்சு. ஒரு பூச்சி பொட்டு இருக்காது. எதுக்கும் பாத்துக்க." பெருமையாகத்தான் சொன்னார். அவர் செய்தது சரிதான். நான் அந்த வெள்ளைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெடிப்புக்குள் கையை விட்டு ஆழத்தில் கொஞ்சம் ஈர மண்ணை எடுக்கலாமா என்று இறங்கப் போனேன்.

"அங்க எதுக்கு எறங்குற?" என்றாள் அக்கா.

"இங்கதானக்கா எடுத்தேன். குட்டை மண்ணுலதான் இருந்துச்சு."

"யாரு சொன்னா?"

"அந்த ட்யூப்ல இருந்தது குட்டை மண்ணுதான்."

"குட்டை மண்ணத்தான் நான் கொட்டிட்டனே" என்றாள். நிதானமாக, குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில். "கொட்டுனதுல நத்தை ஓடு இருந்துச்சு. சிங்க்கு அடைச்சுக்கிச்சு. நீ கத்திட்டு ரூமுக்குள்ள போனப்புறம் நான்தான் தொடப்பக்குச்சிய விட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன். பலகையில எங்கருந்து வரும் ஓடு? அப்போ உங்கிட்ட மிஞ்சுனது மதகுதான். எங்கம்மா ஸ்பூன்ல நீ சொரண்டுனியே, அது."

சுரண்டியது உப்பங்கழித் தண்ணீர் வந்து போகும் பலகையில். அதில் வண்டல் படியாமல் வேறு எதில் படியும்? கலங்கலைப் பார்த்து மண் என்று நானே முடிவு செய்துகொண்டேன். "ஏங்கா அப்பவே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ கத்துன, நானும் கத்துனேன். அப்புறம் பேச்சே இல்ல." சேலையைச் சரிசெய்துகொண்டாள். "உன்னைத் திட்டணும்னு நெனைக்கிறப்பல்லாம் அந்த ஓடுதான் மொதல்ல ஞாபகம் வரும்."

மாமா சிரித்துவிட்டார். மதகின் உள்பக்கம் காய்ந்துதான் கிடந்தது. வெளிப்பக்கம் வாய்க்காலைப் பார்த்து நிற்கும் பலகை மட்டும் எப்போதும்போல ஈரமாக இருந்தது. கழித் தண்ணீர் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது ஊறிக்கொண்டு, மேலெல்லாம் பழுப்பும் பச்சையுமாக வழவழப்பு. சுண்ணாம்பும் பிளீச்சிங்கும் அதுவரை எட்டவில்லை. கையை வைத்துப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. குத்துவதற்குத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இந்தப் பலகை முழுவதும் ஒருத்தி மேல் ஒருத்தியாக, இடத்துக்கு இடம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆயுதத்தை வைத்துக்கொள்ள ஒருத்திக்குத் தேவை இருக்கிற இடம் இதுதான். முதலிலேயே இங்கே வந்திருக்க வேண்டும்.

பையில் கை விட்டேன். சுரண்டுவதற்கு இந்த முறை மறக்காமல் எடுத்து வந்திருந்தேன். ஆனால் அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினாள். "சாமி ஸ்பூன் இல்ல. பயப்படாத."

மாமா வீட்டு அடுப்பில் காட்டி, ஆறவிட்டு, பலகையை மூன்று இடத்தில் சுரண்டினேன். மாமா கரையிலிருந்து கேட்டார், "அப்போ அந்த வருஷம் நம்ம குட்டை தப்பிச்சதுக்கு இதுதான் காரணமாம்மா?" எனக்குத் தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. பலகையில் நடப்பது தண்ணீரில் நடக்க வேண்டும் என்று இல்லை. அவர் ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை. "கண்டுபிடிச்சா சொல்லு" என்று சொல்லி இறால் தொக்கு கட்டிக் கொடுக்கப் போய்விட்டார்.

சிதம்பரம் திரும்பும்போது சாயங்காலம். லேப் பூட்டியிருக்கும். கடலூருக்கு எடுத்துப்போய் மறுநாள் மறுபடி கொண்டுவர வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்று நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு அக்கா கையை நீட்டினாள். "குடு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜில வெச்சிக்கிறேன். காலையில வந்து வாங்கிக்க." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "துடைக்க மாட்டேன்" என்றாள்.

காலையில் போனபோது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே மூன்று ட்யூப்களும் ஒரு டம்ளருக்குள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுக் காகிதம், காகிதத்தின் மேல் தண்ணீர் புகாதபடி செல்லோடேப். டீச்சர் கையெழுத்தில், முத்து முத்தாக: "மதகுப் பலகை, வெளிப்பக்கம். கொட்டக் கூடாது." நான் அதைப் பார்த்துச் சிரிக்க, அவள் "என்னா சிரிப்பு, எழுத்து தப்பா?" என்று கேட்டாள். பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று டம்ளரோடு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வாரம் முழுக்கத் தட்டுகள். மஞ்சள் புள்ளிகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் பச்சையோடு சேர்த்துச் சொட்டு வைத்தேன். பல புள்ளிகள் சும்மா இருந்தன. ஒன்றைத் திறந்தபோது தட்டில் பச்சையே இல்லை. மூடி வைத்துவிட்டு, மறுபடி திறந்து பார்த்தேன். மரபணுவும் பழையதோடு ஒத்துப்போனது, அறுந்த அந்த ஓர் இடத்தைத் தவிர. அன்றைக்கே பிரித்து, அன்றைக்கே உறைய வைத்தேன். ஒரு பங்கை மேடத்திடம் சொல்லி வேறொரு கட்டடத்து ஃப்ரீசரிலும் வைத்தேன். பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தேன். "குத்துதா?" என்றாள். குத்துகிறது என்றேன். "நல்லதுதான். வெச்சிடு, பசங்க கத்துதுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அதனால் சொந்தக்காரர்களை ஒரு விசேஷத்துக்கு அழைப்பதுபோல அழைப்போம். சமோசா, இனிப்பு, காபி எல்லாம் படித்தவர் பொறுப்பு. அன்றைக்கு என் கணவரும் அவருடைய அண்ணனும் மாமியார் வீட்டுக் கூட்டமும் வந்திருந்தார்கள். அக்கா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பட்டுச்சேலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இனிப்புப் பெட்டிகளை எண்ணாமல் எடுத்துவிடுவார்கள் என்று அவள் காலடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் படித்திருந்தார், அதுதான் ஆபத்து. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். "உங்க பழைய போஸ்டர்ல இது குட்டை மண்ணுல இருந்து எடுத்ததுன்னு போட்டிருக்கீங்க. தீசிஸ்ல மதகுப் பலகைன்னு போட்டிருக்கீங்க. எது சரி?"

மதகுதான் சார் என்றேன். இரண்டாவது முறை பலகையிலிருந்துதான் கிடைத்தது, மரபணு ஒத்துப்போகிறது என்று ஸ்லைடைக் காட்டினேன்.

"அது ரெண்டாவது தடவை. முதல் தடவை உங்க கையில இருந்தது குட்டை மண்ணு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். "ரெண்டு ட்யூப் எடுத்தேன் சார். ஒண்ணுல குட்டை மண்ணு. அது கொட்டிப் போச்சு. மிச்சம் இருந்தது..."

"கொட்டிப் போனதுதான் மண்ணுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பட்டுச்சேலை எழுந்து நின்றது.

"நான்தாங்க கொட்டுனேன்" என்றாள் அக்கா, வகுப்பு முழுவதுக்கும் கேட்கும் குரலில். "அதுல நத்தை ஓடு இருந்துச்சு. எங்க சிங்க்கே அடைச்சுக்கிச்சு."

தேர்வாளர் அவளைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"ஓரகத்திங்க" என்றாள். அதற்கு மேல் எதுவும் விளக்க வேண்டியதில்லை என்பதுபோல உட்கார்ந்துகொண்டாள். அறையே சிரித்தது, தேர்வாளரும் சிரித்துக்கொண்டே குனிந்து ஏதோ எழுதினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்லைடைப் போட்டேன்.